சகலையின் புதுக் காரும் நான் வாங்கிய மாலையும்

நம் ஆலய மலரில் அனுபவம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் கௌரவமான துன்பம் ஒன்று இருந்திருக்கிறது. ஒருவருக்கு இருதயத்தில் அடைப்பு. ஒருவருக்குத் தீராத வழக்கு. இன்னொருவரை, மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, முருகன் எழுப்பி உட்கார வைத்திருக்கிறான். எனக்கு வந்த துன்பம் ஒரு கார். அதுவும் என் கார் அல்ல. என் சகலையின் கார்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள். இந்தப் பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயா வரும் நெடுஞ்சாலையில், என் மனைவியையும் ஒரே மகளையும் கண்ணெதிரே பறிகொடுத்திருக்க வேண்டியவன் நான். இதை எழுதும்போது அவர்கள் இருவரும் அடுப்பங்கரையில் என்னைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. அது முருகன் எனக்குத் திருப்பிக் கொடுத்த சத்தம்.

சகலையின் பெயர் ராஜமோகன். என் மனைவி விமலாவின் தங்கை மாலாவைக் கட்டியவர். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் அவர் மேல் பொறாமைப்படுவதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். குடிக்க மாட்டார், மாமனாருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பார், யார் வீட்டு விசேஷம் என்றாலும் நாற்காலி அடுக்குவார். இவரைப் போய் எப்படி வெறுப்பது? நான் கஷ்டப்பட்டுத்தான் வெறுத்தேன்.

நம் நாட்டில் கோடை என்று தனியாக எதுவும் இல்லை. ஆண்டு முழுக்க வெயில், நடுநடுவே வெள்ளம். ஆனாலும் இந்த ஆண்டு மாசி, பங்குனியில் அடித்த வெயிலை நீங்களும் பட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைத் திடலுக்கு விடவில்லை. அந்த வெயிலில்தான் என் பழைய காரைக் குளிர வைக்கும் ஏர்கோன் உயிரை விட்டது. பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைத் தம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தக் காடிக்கு ஏர்கோன் மாத்துறதுக்குப் பதிலா, இந்த ஏர்கோனுக்கு ஒரு காடி மாத்திரலாம் லா," என்றான்.

அதே வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. கடல்நீலத்தில் ஒரு புதுக் கார். பக்கத்தில் சகலை, கல்யாண மாப்பிள்ளை போல வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார். நான் பதிலுக்குக் கும்பிடும் கைகளின் படத்தை ஒரு வரிசை போட்டேன். பிறகு தலையணையில் முகம் புதைத்துப் படுத்தேன்.

என் பொறாமை சாதாரணப் பொறாமை அல்ல. தொழில்நுட்பப் பொறாமை. நான் வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன். பிறர் இடித்ததைப் படித்தே வயிறு வளர்த்தவன். வெயில் காலத்தில் எங்கள் பிரிவுக்கு எவை எவை வரும் என்று எனக்கு அத்துப்படி. சூடேறிய சாலையில் தேய்ந்த டயர் வெடித்துத் தடம் புரண்டவர்கள் வருவார்கள். மதியம் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு ஸ்டீரிங்கில் தலை சாய்த்தவர்கள் வருவார்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் தூறலில், சாலையில் படிந்த எண்ணெய் வழுக்கி, பரதநாட்டியம் ஆடியவர்கள் வருவார்கள். எல்லாரையும்விட அதிகமாக வருகிறவர்கள் முன்னால் போகிறவரின் பின்புறத்தில் முட்டியவர்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள்: முன்னால் இருந்தவர் திடீரென்று பிரேக் அடித்துவிட்டார்.

ஆகவே சகலையின் காருக்கு என்ன ஆகலாம் என்று படுக்கையில் கிடந்து கற்பனை செய்ய என்னிடம் சரக்கு நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு முருகன் கோயிலில் வாகன பூசை என்று சொல்லி அழைத்தார்கள். வெறுங்கையோடு போனால் பொறாமை தெரிந்துவிடும். எனவே காலையிலேயே பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்ததிலேயே பெரிய மாலையைக் காட்டினேன்.

பூக்கட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இது மந்திரி வந்தா போடுற சைஸ் அண்ணே. யாருக்கு?"

"காடிக்கு."

"எந்த லோரி?"

"லோரி இல்லக்கா. சாதாரணக் காடிதான்."

"அப்ப சின்னது எடுங்க. இது காத்துல நிக்காது."

நான் கேட்கவில்லை. காரை அவர் வாங்கிவிட்டார். மாலையையாவது நான் வாங்க வேண்டாமா? பார்க்கிறவர்கள் காரைப் பார்த்துவிட்டு, "மாலை யார் வாங்கியது?" என்று கேட்க வேண்டும். அதுதான் திட்டம். ரோஜாவும் சாமந்தியும் நெருக்கிக் கட்டி, நடுவில் குஞ்சம் வைத்த அந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு விமலா வழியெல்லாம் தும்மினாள்.

"முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீங்க? சாவு வீட்டுக்கா போறோம்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வெயில்," என்றேன்.

பூசை நன்றாக நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். என் மாலையைக் காரின் முன்மூடியில் குறுக்கே போட்டு, இரண்டு பக்கத்துக் கண்ணாடியிலும் கட்டினோம். இடப்பக்கம் சகலை கட்டினார். வலப்பக்கம் நான். இடைவார் போடாமல் வேட்டி கட்டத் தெரியாதவன் நான். என் முடிச்சு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குருக்கள் மாலைக்கு அடியில் குனிந்து, "சாமி, காடி எங்க இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாலை யார் வாங்கியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கார் எத்தனை பேர் உட்காரலாம், கதவு தானாகத் திறக்குமா, இதுதான் பேச்சு.

தீபாராதனை நேரத்தில் கண்ணை மூடினேன். முருகனிடம் வேண்டினேன். அச்சில் போட வெட்கமாகத்தான் இருக்கிறது. "முருகா, ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அந்தக் காருக்கு ஒரே ஒரு கீறல் போதும். கதவில், கைப்பிடிக்குக் கீழே. பேரங்காடியில் தள்ளுவண்டி உரசினால் வருமே, அந்த அளவு." கோரிக்கை எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி.

அடுத்து சுபாங் ஜெயாவில் சகலை வீட்டில் சாப்பாடு. கிளம்பும்போது குருக்கள், "ஓட்டும்போது மாலையக் கழட்டி உள்ள வச்சுக்குங்க," என்றார். மாலா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை மாலை இருக்க வேண்டும், நடுவில் கழற்றினால் ஆகாது என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விபத்துகளைப் படித்தவன் நான் ஒருவன்தானே. நான் வாங்கிய மாலை நெடுஞ்சாலையில் ஊர்வலம் போவதை நானே ஏன் தடுக்க வேண்டும்? "பரவாயில்ல, இருக்கட்டும்," என்றேன்.

அப்போதுதான் என் மகள் யாழினி வந்து சொன்னாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். "பா, நான் சித்தப்பா காடில போறேன். முன் சீட்டு எனக்குத்தான்."

என் காரில் அவள் முன்னால் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஏறியதும் பின்னால் சாய்ந்து காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். ஓட்டுநர்போல நான் முன்னால் தனியாக இருப்பேன். சகலையின் காரில் மட்டும் முன் சீட்டு. வயிற்றில் ஒரு தீக்குச்சி உரசியது.

"நீயும் போறியா?" என்று விமலாவைக் கேட்டேன்.

"வெயில்ல தலை வலிக்குதுங்க. நீங்க பின்னாலயே வாங்க. பாத்து வாங்க."

கடல்நீலக் கார் சத்தமே இல்லாமல் புறப்பட்டது. சகலை ஓட்ட, பக்கத்தில் யாழினி, பின்னால் அக்காளும் தங்கையும். நான் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத் தொடர்ந்தேன். உள்ளே வந்தது காற்று அல்ல, அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. கொஞ்ச தூரத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஹீட்டரைப் போட்டால் என்ஜின் சூடு காருக்குள் வந்து முள் இறங்கும். பங்குனி உச்சிவெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, குளுகுளுவென்று போகும் சகலையின் காரைப் பின்தொடர்ந்தேன். நரகத்தில் இதற்கென்று தனி அறை இருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கேதான் அது உறைத்தது. நான் கீறல் கேட்ட காரில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

எங்கள் பிரிவில் கீறல் மட்டும் தனியாக வருவது அபூர்வம். கீறலோடு சேர்ந்துதான் மற்றவையும் வரும். வாய்விட்டே சொன்னேன்: "முருகா, காலையில போட்ட மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் என் முடிச்சு அவிழ்ந்தது.

மாலையின் வலது முனை முதலில் ஒரு வால் போல ஆடியது. சாமந்தி இதழ்கள் என் முன்கண்ணாடியில் வந்து விழுந்தன. பிறகு காற்று அடியில் புகுந்து மாலையைத் தூக்கியது. படமெடுத்த பாம்பு மாதிரி நிமிர்ந்து நின்று, அப்படியே மடிந்து, ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியில் அறைந்தது. சகலை பதறி வைப்பரைப் போட்டிருக்கிறார். வைப்பர் மாலையை இழுத்து இழுத்துத் தன்மேல் சுற்றிக்கொண்டது. பூக்கடை அக்கா நெருக்கிக் கட்டியிருந்தார். ஒரு ரோஜா உதிரவில்லை. கார் வலது ஓரத் தடத்தில், எல்லாரும் பறக்கும் தடத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பிரேக் விளக்குகள் எரிந்தன. கார் நெளிந்தது.

என் பின்னால் ஒரு மணல் லோரி.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. கண் தெரியாதவர் வேகத் தடத்தில் பிரேக் அடிப்பார். பின்னால் வருகிறவர் முட்டுவார். நடுவில் இருக்கிறவர்கள் நசுங்குவார்கள். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வாக்கியத்தில் இந்த முறை என் மனைவி, என் மகள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "முருகா, அந்த நாலு பேரையும் விட்டுடு. கீறலும் எனக்கே குடு, இடியும் எனக்கே குடு." நாலு பேர் என்றேன். சகலையைக் கழித்துவிட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

கை தானாக அபாய விளக்கை அமுக்கியது. பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல், விட்டு விட்டு மிதித்தேன், பின்னால் இருப்பவருக்கு விளக்கு மின்னிக் காட்டட்டும் என்று. லோரியின் ஹார்ன் கப்பல் ஊதுவது போல முதுகில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், லோரியின் நெற்றி மட்டும் தெரிந்தது. இடத்தைவிட்டு விலகலாம். விலகினால் லோரி நேராக அவர்கள் மேல். விலகவில்லை.

அப்போது முன்னால் ஓர் அதிசயம். அந்தக் கண் தெரியாத கார் இடது சிக்னல் போட்டது. ஒரு கணம் காத்திருந்தது. பிறகு, ஓட்டுநர் தேர்வில் போவதுபோல, பொறுமையாக நடுத் தடத்துக்கு மாறியது. மறுபடி சிக்னல். மறுபடி காத்திருப்பு. இடது தடம். நானும் அதன் வால்போல மாறினேன். ஹார்ன் நின்றிருந்தது. லோரிக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தானும் அபாய விளக்கைப் போட்டு, அத்தனை வண்டிகளையும் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியபடி, எங்களோடு ஊர்ந்து வந்தார். புதுக் கார் அவசரத் தடத்தில் ஏறி நின்றது.

அது நின்றதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் நான் சாலைத் தடுப்பைப் பார்க்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். என் காரின் இடப்பக்கம் நீளமாக உரசி நின்றது. பிறகு இறங்கிப் பார்த்தேன். கதவில், கைப்பிடிக்குக் கீழே. கோரிக்கை அப்படியே நிறைவேறியிருந்தது. காரை மட்டும் மாற்றியிருந்தான்.

லோரிக்காரர் நம்மவர். இறங்கி வந்து, வைப்பரில் சிக்கிய மாலையைக் கத்தியால் அறுத்து எடுத்தார். "என்னா அண்ணே இது, காடியா தேரா? மாலை வாங்கினவன் யாரு, அவனக் கூப்பிடுங்க!"

காலையிலிருந்து நான் கேட்க ஏங்கிய கேள்வி. கை தூக்கினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹீட்டர் உபயத்தில் நான் குளித்தவன்போல நின்றேன். "நீங்கதான் நடுவுல நின்னீங்களா? நான் பிரேக் புடிக்கலன்னா நீங்க இப்ப அப்பளம்." தோளில் தட்டிவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

யாழினி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல பா. பூதான் தெரிஞ்சிச்சு. என் பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிச்சு. நான் கண்ணாடியப் பாத்து, தலையத் திருப்பி ஒருக்கா பாத்து, இப்ப, இப்பன்னு சொன்னேன். அவரு அப்படியே ஓட்டினாரு. நீங்க எனக்கு முன்ன காடி ஓட்டக் கத்துக் குடுத்தீங்களே, அப்படித்தான்."

நான் எரிந்துகொண்டே வந்தது எந்த முன் சீட்டை நினைத்து என்று உங்களுக்குத் தெரியும். அந்த சீட்டில் அவள் இல்லாமல் போயிருந்தால்? மாலாவோ விமலாவோ இருந்திருந்தால் இருவரும் சேர்ந்து கத்தியிருப்பார்கள், வேறொன்றும் நடந்திருக்காது. என் வயிற்றெரிச்சலையே முருகன் அன்று முன்னால் உட்கார வைத்திருந்தான்.

விமலா தலையில் சாமந்தி இதழ்களோடு நேராக நடந்து வந்து, என் காரின் கதவை இழுத்தாள். அது திறக்கவில்லை, உரசியதில் இறுகியிருந்தது. சுற்றி வந்து, என் பக்கமாக ஏறி, நகர்ந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏர்கோன் இல்லையே," என்றேன்.

"தெரியும். வண்டிய எடுங்க," என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. கடைசியில் சகலையின் பேரில் ஓர் அர்ச்சனை செய்வது என்று முடிவெடுத்தேன். எனக்கு அது தீ மிதிப்பதற்குச் சமம். சீட்டு வாங்கி நீட்டினேன். குருக்கள், "பேரு, நட்சத்திரம்?" என்றார். பேர் சொன்னேன். நட்சத்திரம் தெரியவில்லை. அவர் காரின் டயர் அளவு தெரியும், வண்ணத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் தெரியும். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நட்சத்திரம் தெரியாது.

ஓரமாகப் போய் அவருக்குப் போன் போட்டேன். "சகல, உங்க நட்சத்திரம் என்ன?"

"எதுக்கு? எனக்கு வேற பொண்ணு பாக்குறீங்களா? மெதுவா பேசுங்க, மாலா பக்கத்துலதான் இருக்கா."

"அர்ச்சனைக்கு."

"பூசம்," என்றார். பிறகு, "உங்களுக்கு அனுஷம், விருச்சிக ராசி, சரிதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாராவாரம் சொல்றேனே சகல. இங்க வீட்டுக்குப் பக்கத்துக் கோயில்ல. ரொம்ப நாளாவே. அந்தக் காடில நீங்க ஹைவேல போறத நெனச்சா எனக்குப் பயமா இருக்கும் லா. டயரெல்லாம் மொட்டையா இருக்கு. நேரா சொன்னா கோவிச்சுக்குவீங்க. அதான் சாமிகிட்ட சொல்லி வச்சிட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றேன். நெடுஞ்சாலையில் நான் கேட்டது அந்த நாலு பேருக்காக. எனக்காக எதுவும் கேட்கவில்லை. இடியை எனக்கே கொடு என்றுதான் கேட்டேன். இருந்தும் லோரி என்மேல் ஏறவில்லை. அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தவர் யார் என்று அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கியது. கூடவே, சொல்லாமல் இருக்க முடியவில்லை, வயிறும் எரிந்தது. வேண்டுதலிலுமா இந்த மனிதர் என்னை முந்த வேண்டும்?

அன்பர்களே, முருகன் என் பொறாமையை அடியோடு எடுத்துவிட்டான் என்று எழுதினால் விமலா இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள். எடுக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்திருக்கிறான். இப்போது செவ்வாய்தோறும் நான் பூச நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்கிறேன், ஒரு வாரம் தவறாமல். அவர் தவறவிடும் வாரத்துக்காகக் காத்திருக்கிறேன். டயர் நான்கையும் மாற்றிவிட்டேன். ஏர்கோனும் வந்துவிட்டது. வாகன பூசை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோயில் வாசலைத் தாண்டும்முன் மாலையைக் கழற்றி உள்ளே வையுங்கள், முருகன் கோபிக்க மாட்டான். இன்னும் ஒன்று. யாரைப் பார்த்தால் உங்களுக்கு எரிகிறதோ, அவர் நட்சத்திரத்தை இன்றே கேட்டு, அவர் பேரைச் சொல்லி முருகன் முன்னால் நில்லுங்கள். தயங்காதீர்கள். உங்கள் நட்சத்திரத்தை அவர் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துவைத்திருக்கலாம்.